பாட்டியிடம் ஸ்பானிஷ் பேசமாட்டேன் என்கிறான்: என்ன செய்யலாம்?

பொருநைக்கரை | அக்டோபர் 12, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். நான் இருப்பது டெக்ஸஸில், சான் அன்டோனியோ. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவர் மெக்ஸிகோவின் குவானஹுவாதோ மாநிலத்தில் பிறந்தவர். 9 வயதில் பெற்றோரோடு இங்கே வந்தார். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. கல்யாணமான புதிதில் அடுப்படியில் அவர் பக்கத்தில் நின்று உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று கேட்டுக் கேட்டுத்தான் நான் ஸ்பானிஷ் பழகினேன்.

மகனுக்கு 7 வயது. பள்ளிக்கூடம் போகும்வரை பாட்டியிடம் ஸ்பானிஷில் ஓயாமல் பேசுவான். கூப்பிட்டால் 'கே?' என்று கேட்கக் கூடாது, 'மாந்தே?' என்றுதான் கேட்க வேண்டும் என்று மாமியார் பழக்கி வைத்திருந்தார். இரண்டுக்கும் 'என்ன' என்றுதான் அர்த்தம். ஆனால் பெரியவர்களிடம் இரண்டாவதுதான் மரியாதை என்பது மெக்ஸிகோ வீடுகளின் வழக்கம். நம் வீட்டில் 'என்ன?' என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினால் ஆச்சி முறைப்பாளே, அதே கதைதான்.

பள்ளி தொடங்கியதும் ஆங்கிலம் வந்தது. அதை எதிர்பார்த்தோம். இரு மொழி வகுப்பில் இடம் கேட்டுப் பார்த்தோம். இவனுக்குத்தான் ஆங்கிலம் நன்றாக வருகிறதே, அந்த வகுப்பு எதற்கு என்று சொல்லிவிட்டார்கள். சரி, வீட்டில் பாட்டி இருக்கிறாரே என்று இருந்துவிட்டோம்.

ஆகஸ்டில் கணவரின் அண்ணன் வீட்டில் பிறந்தநாள் விழா. பந்து எங்கே போனது என்று யாரோ ஸ்பானிஷில் கேட்க, இவன் 'யோ நோ சாபோ' என்று பதில் சொல்லியிருக்கிறான். 'எனக்குத் தெரியாது' என்பதற்கு 'நோ சே' என்று சொல்ல வேண்டும். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பெரியவரும் சேர்ந்துகொண்டு அன்று முழுக்க இவனை 'நோ சாபோ, இங்கே வா' என்றே கூப்பிட்டார். அன்றிலிருந்து பாட்டி என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், இல்லாவிட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறான். இரண்டு மாதம் ஆகிறது.

போன வாரம் மாமியார் பாத்திரம் துலக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: 'என் பேரனோடு பேச எனக்கே இப்போது ஆள் வேண்டியிருக்கிறது.' நான் அதற்கு ஒன்றும் சொல்ல முடியாமல் நின்றேன்.

தமிழ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரவுக் கதை தமிழில்தான். அது வேறு இழையில் பேச வேண்டிய விஷயம். இப்போது என் கவலை ஸ்பானிஷ். இதே நிலையில் இருந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

பச்சைமிளகாய் | அக்டோபர் 12, இரவு 11.15

படித்துவிட்டு மனசு கனத்துப் போனது அக்கா. எங்கள் பக்கத்து வீட்டு மெக்ஸிகோ குடும்பத்தில் மூத்தவள் நன்றாகப் பேசுகிறாள், நடுவிலான் புரிந்துகொள்கிறான், கடைக்குட்டிக்கு எதுவும் வராது. மூத்தவள் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தைக் கொண்டுவந்தாள், கடைக்குட்டி அவளிடமிருந்துதான் பேசவே கற்றுக்கொண்டான் என்று அந்த அம்மா சொல்வார். மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

குரல்வளை | அக்டோபர் 13, காலை 6.50

நான் ஹூஸ்டனில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'சாபோ'. அது அறியாமை இல்லை தோழி. 'கோமேர்' என்றால் சாப்பிடுவது, 'கோமோ' என்றால் நான் சாப்பிடுகிறேன். 'பெபேர்' என்றால் குடிப்பது, 'பெபோ' என்றால் நான் குடிக்கிறேன். அப்படியானால் 'சாபேர்' என்ற தெரிதலுக்கு 'சாபோ' என்றுதானே வர வேண்டும்? உங்கள் மகன் மொழியின் விதியைச் சரியாகப் பிடித்திருக்கிறான். 'சே' என்பது விதிவிலக்கு. மெக்ஸிகோவிலேயே வளரும் மூன்று வயதுப் பிள்ளையும் 'சாபோ' என்றுதான் சொல்லும். 'வா' என்பதை வைத்துக்கொண்டு 'வாந்தேன்' என்று சொன்ன குழந்தையை நாமும் பார்த்திருப்போம். அதைக் கொஞ்சுகிறோம், கேலி செய்வதில்லை. மெக்ஸிகோவில் அந்தக் குழந்தை நாள் முழுக்க 'நோ சே' என்று கேட்டுக்கொண்டே இருக்கும், ஐந்து வயதில் தானாகச் சரியாகிவிடும். இங்கே வளரும் பிள்ளைக்குக் கேட்க வாய்ப்புக் குறைவு, அதனால் 7 வயதிலும் இருக்கிறது.

இரண்டாவது, திருத்துகிற முறை. 'அப்படி இல்லை, இப்படிச் சொல்லு' என்று நிறுத்தித் திருத்தினால் பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்கவே யோசிக்கும். அவன் 'நோ சாபோ' என்றால் பாட்டி தன் பேச்சோடு பேச்சாக 'யோ தாம்போகோ சே', அதாவது 'எனக்கும் தெரியாது', என்று சொல்லிவிட்டு மேலே போகட்டும். சரியான வடிவம் காதில் விழுந்துவிடும், அவமானம் விழாது. நாங்கள் வேலையில் செய்வதும் இதைத்தான்.

மூன்றாவது, ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் கலப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது குழப்பத்தின் அடையாளம் இல்லை. இரு மொழிக் குழந்தைக்கு எத்தனை சொல் தெரியும் என்று பார்க்கும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு 'பின்தங்கியிருக்கிறான், வீட்டு மொழியை நிறுத்துங்கள்' என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதை நம்பித் தாயும் பிள்ளையும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். எனக்கு அதைவிட வருத்தமான காட்சி வேறில்லை.

கணக்கன் | அக்டோபர் 13, இரவு 8.05

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மனைவி எல் சால்வடோர் குடும்பம். நாங்கள் மேரிலாண்டில் இருக்கிறோம். மாமனார் 30 வருடம் கட்டட வேலை பார்த்தவர். ஆங்கிலம் வராததால் மேஸ்திரி சொன்ன கூலிதான் கூலி என்று வாழ்ந்தவர். அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், 'பேத்தி என்னைப் போல ஆகக் கூடாது, அவளுக்கு ஆங்கிலம் கொடு.' மகள் இரண்டாம் வகுப்பு. ஆங்கிலம் வாசிப்பதில் பின்தங்கியிருக்கிறாள். இந்த நேரத்தில் அவள் தலையில் இன்னொரு மொழியையும் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு எது உதவுமோ அதை முதலில் கற்கட்டும். பாட்டி தாத்தா பாசம் மொழி இல்லாமலும் இருக்கும்.

மணலோவியம் | அக்டோபர் 14, மாலை 5.30

கணக்கன் தம்பி, உங்கள் மாமனாரின் வலி நியாயமானது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஸ்பானிஷை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துவிடும் என்ற கணக்குதான் சரியாக வரவில்லை.

நான் கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இந்த மாநிலம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. 1998-இல் 227-ஆம் முன்மொழிவு என்று மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, பள்ளிகளில் இரு மொழிக் கல்வியைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். 2016-இல் 58-ஆம் முன்மொழிவு வந்தபோது வாக்களித்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானவர்கள் பழைய தடையை நீக்கச் சொன்னார்கள். நடுவில் 18 வருடம். அந்த 18 வருடத்தில் படித்த பிள்ளைகள் இன்று என் வகுப்புக் குழந்தைகளின் பெற்றோர். ஆசிரியர் சந்திப்புக்கு வரும்போது தங்கள் அம்மாவையும் அழைத்து வருகிறார்கள். நான் ஸ்பானிஷில் பேசினால் பாட்டி பதில் சொல்கிறார், நடுவில் உட்கார்ந்திருக்கும் மகள் மாற்றி மாற்றி இருவர் முகத்தையும் பார்க்கிறாள்.

எங்கள் பள்ளியில் மழலையர் வகுப்பில் 90 சதவீதம் ஸ்பானிஷ், 10 சதவீதம் ஆங்கிலம். வகுப்பு ஏற ஏற ஆங்கிலம் கூடி ஐந்தாம் வகுப்பில் பாதிக்குப் பாதி ஆகும். இரண்டாம் வகுப்பில் ஆங்கிலத் தேர்வில் பின்தங்கித்தான் தெரிவார்கள். அப்போதுதான் பெற்றோர் பயந்துபோய் எடுத்துவிடுகிறார்கள். பொறுத்திருந்தால் ஐந்தாம் வகுப்பு வாக்கில் பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். வாசிக்கும் திறமை ஒரு மொழியில் வந்தால் மற்ற மொழிக்கும் கூடவே போகும். உங்கள் மகளை உங்கள் மனைவி தினம் 15 நிமிடம் ஸ்பானிஷ் கதை வாசிக்க வைத்தாலும் அது ஆங்கில வாசிப்புக்குக் கெடுதல் செய்யாது.

இன்னொன்று, யாரும் பேசாத விஷயம். இங்கே திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்களில் நிறையப் பேர் மெக்ஸிகோவின் வாஹாகா மாநிலத்துக்காரர்கள். அவர்கள் வீட்டு மொழி மிஸ்தெகோ. ஸ்பானிஷே அவர்களுக்கு இரண்டாம் மொழி. பள்ளிப் படிவத்தில் ஸ்பானிஷ் என்று எழுதிவிடுகிறார்கள். மிஸ்தெகோ என்று சொன்னால் ஊரில் ஏளனம் பட்ட ஞாபகம். ஒரு பையனின் பாட்டி வந்திருந்தபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டே மிஸ்தெகோவில் பேசினான், நான் கவனிக்கிறேன் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டான். 'எனக்கும் அதில் ஒரு வார்த்தை சொல்லிக்கொடு' என்றேன். தண்ணீருக்கு என்ன சொல் என்று கற்றுக்கொடுத்தான். அடுத்த நாள் மூன்று பிள்ளைகள் என் மேஜைக்கு வந்து தங்களுக்கும் அந்த மொழி தெரியும் என்றார்கள். ஒரு வருடமாக என் வகுப்பில் இருந்த பிள்ளைகள் அவர்கள்.

பொருநைக்கரை | அக்டோபர் 15, இரவு 11.20

குரல்வளை தோழி, மணலோவியம் டீச்சர், இருவருக்கும் நன்றி. 'சாபோ' விளக்கத்தைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அன்று கேலி செய்த அண்ணனுக்கு ஃபோன் போட்டார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று தேடியபோது தெரிந்தது. 'நோ சாபோ' என்பது இந்த நாட்டில் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளைக் கிண்டல் செய்யும் பட்டப்பெயராகவே ஆகியிருக்கிறது. 2023-இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்குப்படி அமெரிக்காவின் லத்தீனோ பெரியவர்களில் 24 சதவீதம் பேருக்கு ஸ்பானிஷில் உரையாடக் கொஞ்சமே வரும், அல்லது வரவே வராது. அவர்களில் 54 சதவீதம் பேரை மற்ற லத்தீனோக்களே அதற்காகச் சங்கடப்படுத்தியிருக்கிறார்கள். பாதிக்கு மேல்! அடுத்த தலைமுறைக்கு ஸ்பானிஷ் முக்கியம் என்று 85 சதவீதம் பேர் சொல்கிறார்கள். முக்கியம் என்றும் சொல்கிறோம், பேச வருகிற பிள்ளையின் வாயையும் அடைக்கிறோம்.

கணவரின் அத்தை முறையில் ஒருவர் இருக்கிறார். மேற்கு டெக்ஸஸில் பிறந்து வளர்ந்தவர், 80 வயதாகப்போகிறது. பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்கு மட்டையால் அடி வாங்கியவர். அந்தப் பயத்தில் தன் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் சொல்லித்தான் மார்ஃபா ஊரின் பிளாக்வெல் பள்ளி பற்றித் தெரிந்தது. 1954-இல் அங்கே மெக்ஸிகோ வம்சாவளிப் பிள்ளைகளைத் துண்டுக் காகிதத்தில் ஸ்பானிஷ் வார்த்தைகளை எழுதவைத்து, பெட்டியில் போட்டுப் பள்ளி வளாகத்தில் குழி தோண்டிப் புதைக்க வைத்தார்கள். 'திருவாளர் ஸ்பானிஷு'க்கு இறுதிச் சடங்கு! ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் நடத்த வேண்டும் என்று 1918-இல் போட்ட மாநிலச் சட்டம் 1969 வரை இருந்தது. 2007-இல் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள் கூடி அந்தச் சடங்கைத் திருப்பிச் செய்தார்கள், இந்த முறை ஸ்பானிஷை வெளியே எடுத்தார்கள். இப்போது அந்தப் பள்ளி தேசிய வரலாற்றுத் தலம்.

அன்று வாத்தியார்கள் செய்ததை இன்று சொந்தபந்தம் சிரித்துக்கொண்டே செய்கிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மயாமிக்காரன் | அக்டோபர் 16, காலை 9.10

மயாமியில் இப்படி ஒரு பிரச்சினையே இருக்காது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வங்கி, மருந்துக்கடை, காபிக்கடை எல்லா இடத்திலும் ஸ்பானிஷ்தான். கூபாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்காக 1963-இலேயே கோரல் வே தொடக்கப்பள்ளியில் பாதி நாள் ஸ்பானிஷ், பாதி நாள் ஆங்கிலம் என்று தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ஊரிலேயே பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலம்தான் பேசிக்கொள்கிறார்கள். என் நண்பன் வீட்டில் பாட்டி வெனிசுவேலா. பேத்தியோடு தினமும் மாலை தாயம் மாதிரி ஒரு பலகை விளையாட்டு ஆடுவார். ஆட்டத்தில் பேச்சு முழுக்க ஸ்பானிஷ், ஏமாற்றினால் சண்டையும் ஸ்பானிஷ். அந்தப் பெண் இன்று கல்லூரியில் படிக்கிறாள், நன்றாகப் பேசுகிறாள். அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆட வேண்டுமானால் அந்த மொழி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரவுப்பணி | அக்டோபர் 17, அதிகாலை 4.25

வேலை முடிந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செவிலியர். எல்லோரும் மொழி போய்விடுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். மொழி தெரிந்த பிள்ளையின் தோளில் என்னென்ன ஏறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

அவசரப் பிரிவுக்கு வரும் குடும்பத்தில் 10 வயதுப் பிள்ளை முன்னால் வந்து நிற்கும். அம்மாவின் கர்ப்பப்பை பற்றி, அப்பாவின் கட்டி பற்றி அந்தப் பிள்ளை மொழிபெயர்க்க வேண்டும். அவசர நிலை தவிரச் சிறு பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்கக் கூடாது என்று 2016-இல் மத்திய அரசு விதியே போட்டது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, இலவசம். குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை, தயவுசெய்து சொல்லுங்கள்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தரும் சம்பவம் ஒன்று. 1980, ஃப்ளோரிடா. 18 வயதுப் பையன் மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டான். கூபாக் குடும்பம் 'இன்டோக்ஸிகாதோ' என்றது. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை, விஷமாகிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். மருத்துவர்கள் போதை மருந்து என்று புரிந்துகொண்டார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. கண்டுபிடிப்பதற்குள் கைகால் நான்கும் செயலிழந்துவிட்டன. இழப்பீடு சுமார் 7.1 கோடி டாலர். அந்த ஒரு வார்த்தை இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும். பெரியவர்களுக்கே இந்தக் கதி, பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

பொருநைக்கரை அக்கா, உங்கள் கணவரும் 9 வயதில் வந்தவர் என்றீர்கள். அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பொருநைக்கரை | அக்டோபர் 17, இரவு 10.00

கேட்டேன். 11 வயதில் வாடகை வீட்டுக்காரரிடம் அப்பாவுக்காகக் கெஞ்சியது அவர்தானாம். 'அப்பா கெட்ட வார்த்தை சொன்னார், நான் அதைப் பணிவாக மாற்றிச் சொன்னேன்' என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதில்லை. மகனிடம் ஸ்பானிஷில் பேச அவர் ஏன் தயங்குகிறார் என்று இப்போதுதான் புரிகிறது. அவருக்கு ஸ்பானிஷ் என்றாலே வேலை. மகனுக்கு அது விளையாட்டாக இருக்கட்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

கணக்கன் | நவம்பர் 3, இரவு 9.30

மணலோவியம் டீச்சர் சொன்ன 15 நிமிடத்தை இரண்டு வாரமாகச் செய்கிறோம். இப்போது வேறு சிக்கல். மாமனார் வீட்டில் 'நீ' என்பதற்கு 'போஸ்' என்பார்கள். புத்தகத்தில் 'தூ' என்று இருக்கிறது. மகள் தாத்தாவிடம் 'நீங்கள் சொல்வது தப்பு' என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. எது சரி?

மணலோவியம் | நவம்பர் 4, மாலை 6.10

இரண்டும் சரி. 'போஸ்' எல் சால்வடோரில் மட்டும் இல்லை, ஹோண்டுராஸ், நிகராகுவா, அர்ஜென்டினா எல்லாம் அப்படித்தான். ரொம்பப் பழைய வடிவம் அது. கொலம்பியாவின் சில பகுதிகளில் பெற்ற பிள்ளையையே 'உஸ்தேத்' என்று 'நீங்கள்' போட்டுக் கூப்பிடுவார்கள். நெல்லையில் 'ஏலே', கோவையில் 'ஏனுங்க' என்கிறோமே, எது தமிழ் இல்லை? 'தாத்தா பேச்சு வீட்டுப் பேச்சு, புத்தகத்தில் இருப்பது புத்தகப் பேச்சு, உனக்கு இரண்டும் வரும்' என்று மகளிடம் சொல்லுங்கள். தாத்தா முன்னாலேயே சொல்லுங்கள்.

கணக்கன் | நவம்பர் 4, இரவு 10.45

சொன்னேன் டீச்சர். தாத்தா இப்போது அவளுக்குப் புளியம்பழம் முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

பொருநைக்கரை | டிசம்பர் 26, மதியம் 2.15

இழை பழசாகிவிட்டது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் தமாலே செய்வோம். மெக்ஸிகோ குடும்பங்களில் அது திருவிழா மாதிரி. மக்காச்சோளக் கதிரின் உலர்ந்த தோலை ஊறப்போட்டு, சோள மாவைப் பன்றிக் கொழுப்போடு அடித்துப் பிசைந்து, தோலில் தடவி, நடுவில் மிளகாய் விழுதில் வெந்த இறைச்சி வைத்து மடித்து ஆவியில் வேகவைப்பார்கள். எங்கள் ஊரில் கார்த்திகைக்குப் பனையோலையில் மாவை வைத்துக் கட்டி அவிக்கும் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவியில் அந்த ஓலை வாசம் வருமே, இதில் சோளத்தோல் வாசம் வரும்.

இந்த முறை அண்ணன் குடும்பத்தையும் வரச்சொன்னோம். அவர் வந்ததும் மகனைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்ன என்று நான் கேட்கவில்லை. அடுப்படி முழுக்க ஆட்கள். மாமியார் மகனைத் தன் பக்கத்தில் முக்காலி போட்டு நிறுத்திக்கொண்டார். மாவு பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. கிளாஸில் தண்ணீர் வைத்து ஒரு கிள்ளு மாவைப் போட வேண்டும். மிதந்தால் பதம். மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும்.

முதல் கிள்ளு மூழ்கியது. இரண்டாவதும் மூழ்கியது. கணவர் மறுபடி மாவை அடித்தார். மாமியார் ஒரு கிள்ளு எடுத்து மகனின் உள்ளங்கையில் வைத்து, இது மிதக்குமா என்று ஸ்பானிஷில் கேட்டார்.

'யோ நோ சாபோ, அபுயேலா.'

நான் தோல் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அண்ணன் பிள்ளைகளும் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. மாமியார் கிளாஸை அவன் பக்கம் நகர்த்தி, 'யோ தாம்போகோ சே' என்றார். 'எனக்கும் தெரியாது. பார்ப்போம்.'

அவன் போட்டான். கொஞ்சம் அமிழ்ந்து மேலே வந்தது. 'ஃப்ளோத்தா! ஃப்ளோத்தா!' என்று முக்காலியிலேயே குதித்தான். அதன்பிறகு தோல் எண்ணிக் கொடுக்கும் வேலை அவனுக்கு. 29 வரை ஸ்பானிஷில் தடுமாறாமல் எண்ணினான். 30-க்கு என்ன சொல்வது என்று மறந்துவிட்டது. பாட்டியின் முந்தானையை, அதாவது ஏப்ரனை, இழுத்து அவர் காதில் கேட்டுக்கொண்டு வந்து தொடர்ந்தான். மொத்தம் 84.